பழைய வால்வு ஆம்ப்பின் வைப்ராட்டோ: உள்ளே இருந்து வால்யூமைத் திருகுவது யார்?

எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்பில் (அதன் ஒலியைப் பெருக்கும் பெட்டியில்) செருகி, ஒரு கார்டை, அதாவது பல ஸ்வரங்களை ஒன்றாக, மீட்டுங்கள். அது அடங்குவதற்குள் கிட்டாரின் வால்யூம் குமிழைப் பாதி தூரம் இடமும் வலமுமாக ஆட்டிப் பாருங்கள், நொடிக்கு நான்கைந்து முறை. ஒலி பெருகும், சிறுக்கும், மறுபடி பெருகும். தேங்கி நின்ற ஒலிக்கு மூச்சு வந்தது போல இருக்கும். அரை நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிவிடும். அதோடு, வலது கை குமிழில் இருந்தால் அடுத்த கார்டை யார் மீட்டுவது?

1950, 60-களின் வால்வு ஆம்ப்கள் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஒலியைப் பெருக்குபவை) பலவற்றில் 'வைப்ராட்டோ'வுக்கென்று ஸ்பீடு, இன்டென்சிட்டி என்ற இரண்டு குமிழ்கள் இருக்கும். அவற்றின் வேலை இதுதான். ஆம்ப்புக்குள்ளேயே ஒரு கை உட்கார்ந்து வால்யூமை ஆட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்பீடு குமிழ் அந்தக் கை எவ்வளவு வேகமாக ஆட வேண்டும் என்று சொல்கிறது. இன்டென்சிட்டி குமிழ் எவ்வளவு தூரம் ஆட வேண்டும் என்று சொல்கிறது. எந்த ஆம்ப்பின் வரைபடத்தை எடுத்தாலும் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: ஆட்டும் கை எது? அது எந்த இடத்தைப் பிடித்து ஆட்டுகிறது? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான். இரண்டாவதன் பதில் ஆம்ப்புக்கு ஆம்ப் மாறும். ஒவ்வொரு ஆம்ப்பின் டிரெமலோவும் வேறு மாதிரி ஒலிப்பது அதனால்தான்.

பெயர்க் குழப்பம்

ஒலியின் அளவு ஏறி இறங்கினால் அது டிரெமலோ. சுருதி ஏறி இறங்கினால் அது வைப்ராட்டோ. வீணையில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துத் தந்தியை அசைக்கும்போது சுருதிதான் அசைகிறது. அது வைப்ராட்டோ பக்கம். நான் மேலே சொன்ன குமிழ் ஆட்டம் டிரெமலோ பக்கம். சின்ன வயதில் ஓடுகிற டேபிள் ஃபேன் முன்னால் உட்கார்ந்து 'ஆ' என்று கத்தியிருப்போமே, அதில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது குரல் கரகரப்பாகக் கேட்கும். சுவிட்சை அணைத்துவிட்டு, இறக்கை மெதுவாகச் சுற்றி நிற்கப்போகும் அந்தக் கடைசி நொடிகளில் கத்தினால் ஆ... ஆ... ஆ... என்று துண்டு துண்டாகப் பிரியும். கிட்டார் ஆம்ப் தேடும் வேகம் அதுதான். நொடிக்குச் சுமார் மூன்றிலிருந்து பத்து துடிப்பு வரை. அதைவிட வேகமாகப் போனால் காது துடிப்புகளை எண்ணாது, கரகரப்பாக எடுத்துக்கொள்ளும்.

சரி, அளவை ஆட்டும் ஆம்ப்பில் ஏன் 'வைப்ராட்டோ' என்று எழுதியிருக்கிறது? அதற்குக் கிட்டாரும் ஆம்ப்பும் தயாரித்த லியோ ஃபெண்டரின் நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் சுருதியை வளைக்கும் ஒரு கம்பி உண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சிங்க்ரனைஸ்டு டிரெமலோ'. அது செய்வது வைப்ராட்டோ. அடுத்த ஆண்டு வந்த டிரெமலக்ஸ் ஆம்ப்பில் பெயரும் வேலையும் பொருந்தின. 1956-ல் வைப்ரலக்ஸ் வந்தது. ஆட்டியது பழையபடி ஒலியின் அளவைத்தான், பெயர் மட்டும் வைப்ராட்டோ பக்கம் போய்விட்டது. 1963-லிருந்து வந்த கறுப்பு முகப்பு ஆம்ப்களில் ஒரு சேனலுக்கே 'வைப்ராட்டோ' என்று பெயர் அச்சிட்டார்கள். உலகம் முழுவதும் அந்த ஆம்ப்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதால் குழப்பம் நிலைத்துவிட்டது. இந்தக் கட்டுரையில் குமிழைச் சொல்லும்போது வைப்ராட்டோ என்றும், அது எழுப்பும் ஒலியைச் சொல்லும்போது டிரெமலோ என்றும் எழுதுகிறேன்.

வால்வு ஆம்ப்களுக்குள் இந்த மின்சுற்று பரவலாவதற்கு முன்னாலேயே, 1940-களில், டிஆர்மண்ட் நிறுவனம் ஒரு தனிப் பெட்டி விற்றது. அதற்குள் ஒரு சின்ன மோட்டார், மின்சாரம் கடத்தும் திரவம் அடைத்த ஒரு குப்பி. மோட்டார் குப்பியைக் குலுக்கும். திரவம் தளும்பி உள்ளே இருக்கும் முனையைத் தொடும்போதெல்லாம் கிட்டார் சிக்னலில் ஒரு பங்கு தரைக்கு (சுற்றின் பூஜ்ய வோல்ட் இணைப்புக்கு) வழிந்துவிடும். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் போ டிட்லி இந்தப் பெட்டியைத்தான் பயன்படுத்தினார். தளும்பும் திரவம் என்பதால் அதன் துடிப்பில் ஒரு ஈரத்தன்மை இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த டிரெமலோ ஒலிகளில் அது ஒன்று.

ஆட்டும் கை: ஒரு வால்வு, மூன்று கப்பாசிட்டர்

இப்போது முதல் கேள்வி. நொடிக்கு ஐந்து முறை தானாக ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்தம் வேண்டும். அதை உண்டாக்கும் சுற்றுக்கு ஆசிலேட்டர் என்று பெயர்.

வால்வைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். சூடான கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் பிளேட்டை நோக்கி ஓடுகின்றன. நடுவில் கிரிட் என்ற கம்பி வலை. கிரிட்டின் மின்னழுத்தத்தில் சின்ன மாற்றம் செய்தால் பிளேட்டில் பெரிய மாற்றம் வரும். குழாயின் பிடியை விரலால் தொட்டாலே தண்ணீர் எகிறுவது போல. அதோடு இன்னொன்று: கிரிட் மேலே போனால் பிளேட் கீழே போகும், கிரிட் கீழே வந்தால் பிளேட் மேலே போகும். தலைகீழ்.

இந்தத் தலைகீழ் குணத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். ஊஞ்சல் பின்னால் வந்து திரும்பும் கணத்தில் தள்ளினால் ஆட்டம் நிற்காது. நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் நின்றுவிடும். பிளேட்டில் வருவதை அப்படியே கொண்டுபோய்க் கிரிட்டில் கொடுத்தால், அது தப்பான நேரத்தில் தள்ளுவது போல. தலைகீழாக வருவதால் ஒவ்வொரு அசைவையும் அடக்கிவிடும். ஆட்டம் தொடர வேண்டுமென்றால் பிளேட்டிலிருந்து திரும்பும் அலையை அரைச் சுற்று நகர்த்திக் கொடுக்க வேண்டும். முழுச் சுற்று 360 பாகை என்றால் அரைச் சுற்று 180.

மின்னூட்டத்தைச் சேமித்து விடும் ஒரு கப்பாசிட்டரும் மின்னோட்டத்தைத் தடுக்கும் ஒரு ரெசிஸ்டரும் சேர்ந்த ஜோடி அலையை நகர்த்தும். ஆனால் ஒரு ஜோடியால் 90 பாகையை எட்ட முடியாது. இரண்டு ஜோடியாலும் 180-ஐத் தொட முடியாது. அதனால் மூன்று ஜோடி. ஒவ்வொன்றும் சுமார் 60 பாகை நகர்த்தினால் மூன்றும் சேர்ந்து 180. பிளேட்டிலிருந்து கிளம்பும் அலை மூன்று கப்பாசிட்டர்களைத் தாண்டி, சரியான நேரத்தில் கிரிட்டைத் தள்ளும். ஊஞ்சல் ஆடத் தொடங்கிவிடும். யாரும் முதலில் தொட்டுவிட வேண்டியதில்லை. சுவிட்சைப் போட்டதும் சுற்றில் இருக்கும் சின்ன இரைச்சலே முதல் தள்ளு.

இந்த மூன்று ஜோடிகளையும் தாண்டி வருவதற்குள் அலை இளைத்துவிடும். மூன்றும் ஒரே அளவாக இருந்தால் 29-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே வால்வு அதை 29 மடங்குக்கு மேல் பெருக்கியாக வேண்டும். பழைய ஆம்ப்களில் எங்கும் காணப்படும் 12ஏஎக்ஸ்7 வால்வு சாதாரணமாக ஐம்பது மடங்கு பெருக்கும். ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் அப்படிப்பட்ட இரண்டு வால்வுகள் அடங்கியிருக்கின்றன. நமக்கு வேண்டியது அதில் ஒரு பாதி.

ஆட்டத்தின் வேகம் எதைப் பொறுத்தது? மூன்று ஜோடியும் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். ரெசிஸ்டர் 1 மெகா ஓம், கப்பாசிட்டர் 0.01 மைக்ரோஃபாரட். இரண்டையும் பெருக்கினால் 0.01 நொடி. அதை 15.4-ஆல் பெருக்கினால் 0.154 நொடி. இது ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம். அப்படியானால் நொடிக்கு ஆறரைத் துடிப்பு. கப்பாசிட்டரை 0.02 ஆக்கினால் நேரம் இரட்டிப்பாகி வேகம் நொடிக்கு மூன்றேகாலாக இறங்கிவிடும். ஃபெண்டரின் கறுப்பு முகப்பு ஆம்ப்களில் 0.02, 0.01, 0.01 என்று மூன்று கப்பாசிட்டர்கள் இருக்கும். மூன்று ரெசிஸ்டர்களில் ஒன்றை மட்டும் 3 மெகா ஓம் கண்ட்ரோலாக (திருகினால் மின்தடை மாறும் பாகமாக) மாற்றி, அதைத்தான் முகப்பில் ஸ்பீடு என்று வைத்தார்கள். மூன்றும் சமமாக இல்லாவிட்டாலும் சுற்று தனக்கு 180 பாகை கிடைக்கும் வேகத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

இந்த ஸ்பீடு கண்ட்ரோல் வாங்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கடையில் கேட்டால் லீனியர் வகையை, திருகும் தூரத்துக்கேற்பச் சீராக ஓம் மாறுவதை, தருவார்கள். அதைப் போட்டால் வேலை செய்யும், ஆனால் குமிழின் முக்கால்வாசித் தூரத்தில் வேகம் மாறுவதே தெரியாது, கடைசிக் கால்வாசியில் எல்லாம் குவிந்து கிடக்கும். காரணம், ஓம் பாதியானால் வேகம் ஏறும், மறுபடி பாதியானால் மறுபடி அதே விகிதத்தில் ஏறும். வேகமான பக்கத்தில் சின்னச் சின்ன ஓம் வித்தியாசமே பெரிய மாற்றம். அதனால்தான் ஃபெண்டர் 'ரிவர்ஸ் ஆடியோ' என்ற வகையைப் போட்டார்கள். சாதாரண வால்யூம் கண்ட்ரோலுக்கு நேர் எதிரான வளைவு அது. கொஞ்சம் தேடினால்தான் கிடைக்கும், ஆனால் தேடி வாங்குங்கள். முழுச் சுற்றும் பயன்படும் ஒரு ஸ்பீடு குமிழ் கையில் தரும் திருப்தி வேறு.

எங்கே பிடித்து ஆட்டுவது

கை தயார். இனி அது எதைப் பிடிப்பது? ஃபெண்டர் ஆம்ப்களையே எடுத்துக்கொண்டால் மூன்று வழிகளையும் பார்த்துவிடலாம்.

பிரின்ஸ்டன் ரிவெர்ப் ஆம்ப்பில் கை கடைசியில் இருக்கும் பவர் வால்வுகளைப் பிடிக்கிறது. இரண்டு 6வி6 வால்வுகள். அவற்றின் கிரிட்டுகளுக்குச் சுமார் மைனஸ் 35 வோல்ட் கொடுத்து வைத்திருப்பார்கள். பயாஸ் என்று சொல்வது இதைத்தான். ஆசிலேட்டரின் அலையை ஒரு கப்பாசிட்டர் வழியாக, இன்டென்சிட்டி கண்ட்ரோல் வழியாக, இந்த மைனஸ் மின்னழுத்தத்தோடு கலந்துவிடுகிறார்கள். கிரிட் இன்னும் மைனஸாகும்போது வால்வு மந்தமாகிறது, ஒலி அடங்குகிறது. திரும்பி வரும்போது வால்வு விழித்துக்கொள்கிறது. வால்வே மூச்சு விடுவதால் இந்த டிரெமலோ வழவழப்பாக, உருண்டு வரும்.

இதில் எனக்கு வியப்பான இடம் ஒன்று உண்டு. நொடிக்கு ஐந்து முறை பவர் வால்வின் கிரிட்டையே ஆட்டுகிறோமே, அந்த ஆட்டம் ஸ்பீக்கரில் 'டொம் டொம்' என்று கேட்க வேண்டாமா? கேட்காது. இரண்டு வால்வுகளும், ஸ்பீக்கருக்குச் சிக்னலைக் கொடுக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு முனைகளில் எதிரெதிராக உட்கார்ந்திருக்கின்றன. கிட்டார் சிக்னல் ஒன்றுக்கு மேலே போகும்போது மற்றதற்குக் கீழே போகும், டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டும் கூடும். ஆசிலேட்டரின் அலை இரண்டுக்கும் ஒரே திசையில் போகிறது, அதனால் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று அழித்துவிடும். கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு கூடுதலாக இழுத்தால் நடுவில் கட்டிய துணி நகராதல்லவா, அது போல. இரண்டு வால்வுகளும் ஒத்தவையாக இல்லாவிட்டால்தான் அந்த 'டொம்' எட்டிப் பார்க்கும். பயாஸ் டிரெமலோ உள்ள ஆம்ப்புக்கு ஒத்த ஜோடி வால்வு வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டீலக்ஸ் ரிவெர்ப், சூப்பர் ரிவெர்ப், ட்வின் ரிவெர்ப் ஆகியவற்றில் வேறு வழி. இங்கே கைக்கும் சிக்னலுக்கும் நடுவில் கம்பித் தொடர்பே கிடையாது, வெளிச்சம்தான் தொடர்பு. கறுப்புக் குழாய் ஒன்றுக்குள் ஒரு பக்கம் சின்ன நியான் விளக்கு, எதிர்ப்பக்கம் காட்மியம் சல்ஃபைடு செல். இரண்டும் நமக்கு அந்நியமானவை அல்ல. கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவருக்குள் மின்னுவது நியான். பொழுது சாய்ந்ததும் தானாக எரியும் விளக்குகளில் இருட்டைக் கண்டுபிடித்தது வெகுகாலம் இந்த வகை செல்தான். இருட்டில் அதன் மின்தடை மிக அதிகம், வெளிச்சம் பட்டால் சரிந்துவிடும். ஆசிலேட்டரின் அலையை 12ஏஎக்ஸ்7 வால்வின் மறு பாதி வாங்கி நியானை ஏற்றி இறக்கும். விளக்கு எரியும்போதெல்லாம் கிட்டார் சிக்னலில் ஒரு பங்கு செல் வழியாகத் தரைக்கு வழிந்துவிடும். டிஆர்மண்ட் குப்பி செய்த அதே வேலை, திரவத்துக்குப் பதில் வெளிச்சம்.

நியான் டியூப்லைட் மாதிரி குணம் கொண்டது. ஒரு குறிப்பிட்ட மின்னழுத்தம் வரும்வரை இருட்டாகவே இருக்கும், தாண்டியதும் சட்டென்று பற்றிக்கொள்ளும். செல்லும் வெளிச்சத்துக்கு உடனே விழும், இருட்டுக்கு மெதுவாகத்தான் எழும். அதனால் இந்த டிரெமலோ பிரின்ஸ்டன் போல உருளாது, வெட்டி வெட்டி வரும். இன்டென்சிட்டியை முழுவதும் ஏற்றினால் ஒலி துண்டு துண்டாகிவிடும். சில பாட்டுக்கு அதுதான் வேண்டும். இந்த வகைக்கு ஒரு விலையும் உண்டு: இன்டென்சிட்டி கண்ட்ரோல் 50 கிலோ ஓம்தான், அது சிக்னல் பாதையிலிருந்து தரைக்கு நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கிறது. டிரெமலோ அணைந்திருந்தாலும் சிக்னலில் கொஞ்சத்தை அது குடித்துக்கொண்டே இருக்கும். டிரெமலோவே வேண்டாம் என்பவர்கள் அந்த ஒரு வயரைக் கழற்றிவிட்டு ஆம்ப் திடீரென்று சத்தமாகிவிட்டதே என்று மகிழ்வது இதனால்தான்.

மூன்றாவது வழி எளிமையானது. வைப்ரோ சாம்ப் என்ற குட்டி ஆம்ப்பில் ஒரே ஒரு பவர் வால்வு. எதிர்ப்பக்கத்தில் இழுத்து அழிக்க ஜோடி இல்லை. அதனால் முன்னால் இருக்கும் சின்ன வால்வு ஒன்றின் கேத்தோடைப் பிடித்து ஆட்டுகிறார்கள். கேத்தோடு ஏறினால் கிரிட் அதைவிடத் தாழ்ந்ததாகிவிடும், பெருக்கம் குறையும். முடிந்தது.

இவை தவிர இரண்டு அரிய வகைகளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1960-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் வந்த பழுப்பு நிற ஃபெண்டர் ஆம்ப்கள் சிலவற்றில், கான்சர்ட் அதில் ஒன்று, சிக்னலைக் கனத்த ஒலி, மெல்லிய ஒலி என்று இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். மொத்த ஒலி அவ்வளவாகக் குறையாது, ஆனால் ஒலியின் நிறம் கனத்திலிருந்து மெல்லியதற்கும் திரும்பியும் சுழலும். காதுக்குச் சுருதியே அசைவது போல ஒரு மயக்கம். ஆம்ப் வைப்ராட்டோ என்ற பெயருக்கு ஃபெண்டர் மிக அருகில் வந்தது அப்போதுதான். ஆனால் இதற்கென்றே கூடுதல் வால்வுகள் தேவைப்பட்டன. கறுப்பு முகப்பு வந்தபோது கைவிட்டுவிட்டார்கள். எனக்கு அது இழப்பாகத்தான் படுகிறது.

உண்மையான சுருதி வைப்ராட்டோவைச் செய்து காட்டியது மேக்னடோன் நிறுவனம், 1950-களின் பிற்பாதியில். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் உச்சத்தில் கேட்கும், தாண்டிப் போனதும் தாழ்ந்து கேட்கும். ஒலி அலைகள் நெருங்கி வந்தால் சுருதி ஏறும், விலகிப் போனால் இறங்கும். மேலே ஆசிலேட்டரில் பார்த்த அந்த நகர்த்தும் ஜோடிகளை நினைவிருக்கிறதா? அவற்றைச் சிக்னல் பாதையில் வைத்து, நகர்த்தும் அளவை இடைவிடாமல் மாற்றிக்கொண்டே இருந்தால், ஒலி சற்று முந்தியும் சற்றுப் பிந்தியும் வந்துகொண்டிருக்கும். ரயில் முன்னும் பின்னும் ஆடுவது போல. அந்த மாற்றத்தை உண்டாக்க அவர்கள் வேரிஸ்டர்களை வைத்தார்கள். மின்னழுத்தம் ஏற ஏற மின்தடை குறையும் பொருள் அது. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லானி மேக்கின் கிட்டாரில் கேட்கும் அந்த நீர் போன்ற அசைவு மேக்னடோனுடையது. இங்கிலாந்தின் வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பிலும் வைப்ராட்டோவா டிரெமலோவா என்று தேர்ந்தெடுக்க ஒரு சுவிட்ச் இருந்த காலம் உண்டு.

கையில் எடுத்துச் செய்ய

முதன்முதலில் செய்பவருக்கு நான் சொல்வது பயாஸ் டிரெமலோதான். பாகங்கள் குறைவு, அரை வால்வு போதும், ஒலியும் அருமை. பயாஸுக்குத் தனி மைனஸ் சப்ளை உள்ள, இரண்டு 6வி6 கொண்ட ஒரு சின்ன ஆம்ப் தோதானது. முதலில் வைப்ராட்டோ இல்லாமல் அந்த ஆம்ப்பை முழுதாக ஓடவிட்டு, இரைச்சல் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு இதில் கை வையுங்கள். பயாஸை அளக்கும்போது இன்டென்சிட்டி பூஜ்யத்தில் இருக்க வேண்டும். ஆட்டத்தில் இருக்கும்போது அளந்தால் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

தொடங்கும் முன் ஒன்று. இந்தப் பெட்டிகளுக்குள் 300 முதல் 450 வோல்ட் வரை நேர்மின்னோட்டம் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். தொட்டால் உயிர் போகலாம். மின்தடை வைத்த கிளிப் வயரால் அவற்றை இறக்கிவிட்டு, மல்டிமீட்டரில் சில வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே உள்ளே கை போக வேண்டும். ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கையால் மட்டும் அளங்கள், மற்ற கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். அமெரிக்காவில் வாங்கிய பழைய ஆம்ப் என்றால் அது 120 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230-ல் நேரடியாகச் செருகக் கூடாது. இரண்டு பின் பிளக் இருந்தால் மூன்று பின்னாக மாற்றி எர்த் கொடுத்த பிறகே கிட்டாரைச் செருகுங்கள். இதில் அனுபவமில்லாதவர் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்று கப்பாசிட்டர்களும் (கடையில் கண்டென்சர் என்று கேளுங்கள்) குறைந்தது 400 வோல்ட் தாங்கும் ஃபிலிம் வகையாக இருக்கட்டும். பிளேட்டின் முழு மின்னழுத்தமும் முதல் கப்பாசிட்டரின் தலையில்தான் விழுகிறது. அதில் கசிவு இருந்தால் நேர்மின்னோட்டம் கிரிட் வரை வந்து ஊஞ்சலைப் பிடித்து நிறுத்திவிடும்.

எல்லாவற்றையும் ஈயம் வைத்து முடித்ததும், சிக்னலோடு சேர்க்காமல் ஆசிலேட்டரை மட்டும் ஓடவிடுங்கள். முள் ஆடும் பழைய மீட்டர் ஒன்று இருந்தால் இங்கே அதற்கு ஈடு இல்லை. டிஜிட்டல் மீட்டரில் எண்கள் தாறுமாறாகக் குதிக்கும், அவ்வளவுதான். முள் மீட்டரைப் பிளேட்டில் வைத்து, ஸ்பீடைக் கீழே இறக்கிக் காத்திருங்கள். வால்வு சூடாக இருபது முப்பது நொடி. முதலில் முள் அசையாமல் நிற்கும். அப்புறம் லேசாக நடுங்கும். நடுக்கம் வளர்ந்து, கடைசியில் முள் சீராக இடமும் வலமும் நடக்கத் தொடங்கும். ஸ்பீடைத் திருப்பினால் நடை ஓட்டமாகும். நான் முதல் தடவை இதைப் பார்த்தபோது கிட்டாரை மறந்துவிட்டு நெடுநேரம் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முள் அசையவே இல்லையென்றால்? பழைய ஃபெண்டர் ஆம்ப் என்றால் எதையும் பிரிக்கும் முன் கால் பெடல் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஆம்ப்கள் பலவற்றில் பெடல் இல்லாதபோது ஆசிலேட்டரை ஒரு மைனஸ் மின்னழுத்தம் அமுக்கி வைத்திருக்கும், பெடல் அதைத் தரையோடு சேர்த்தால்தான் ஆட்டம் தொடங்கும். பெடல் இல்லாமல் வாங்கிவிட்டு 'வைப்ராட்டோ போய்விட்டது' என்று பழுதுபார்க்கக் கொடுத்தவர்கள் நிறைய. அடுத்து, வால்வை மாற்றிப் பாருங்கள். 29 மடங்கு என்ற கோட்டைத் தாண்ட முடியாத களைத்த வால்வு, வேகமான பக்கம் ஆடி மெதுவான பக்கம் நின்றுவிடும். வால்வு நன்றாக இருந்தும் மெதுவான பக்கம் நிற்கிறதென்றால் கேத்தோடில் இருக்கும் 25 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். அது காய்ந்துபோனால் வால்வின் பெருக்கம் இறங்கும், முதல் அடி மெதுவான வேகத்துக்குத்தான்.

வெளிச்ச வகையில் பலரைத் தூங்கவிடாத கோளாறு வேறு. டிரெமலோ ஓடும்போது பின்னணியில் 'டிக் டிக்' என்று கடிகாரம் மாதிரி ஒரு சத்தம். நியான் சட்டென்று பற்றும் ஒவ்வொரு முறையும் அதன் வயரில் ஒரு கூரிய துள்ளல் ஓடுகிறது. பக்கத்தில் கிட்டார் சிக்னல் போகும் வயர் இருந்தால் அது அந்தத் துள்ளலைப் பிடித்துக்கொள்ளும். நான் கட்டிய ஒரு ஆம்ப்பில் இதற்காகப் பாகம் பாகமாக மாற்றி மூன்று மாலைகள் போயின. நான்காம் நாள் ஒரு உலர்ந்த மூங்கில் குச்சியை எடுத்து, ஆம்ப் ஓடும்போதே, முகப்பின் பின்னால் போகும் வயர்களை ஒவ்வொன்றாக மெல்லத் தள்ளிப் பார்த்தேன். ஸ்பீடு கண்ட்ரோலுக்குப் போகும் வயர் டிரெபிள் கண்ட்ரோலின் மேல் சாய்ந்து கிடந்தது. அரை அங்குலம் விலக்கினேன். டிக் நின்றது. விட்டால் வந்தது. ஆம்ப்பை அணைத்து, கப்பாசிட்டர்களை இறக்கி, அந்த வயரைப் பெட்டியின் மூலையோடு ஒட்டிக் கட்டினேன்.

வேகத்தைப் பாட்டோடு பொருத்துவது கடைசி வேலை. நிமிடத்துக்கு 120 அடி போகும் பாட்டு என்றால் நொடிக்கு இரண்டு அடி. ஒரு அடிக்கு இரண்டு துடிப்பு வேண்டுமென்றால் நொடிக்கு நான்கு. எண் எதுவும் பார்க்க வேண்டாம். காலால் தாளம் தட்டிக்கொண்டே ஒரு கார்டை மீட்டி நிற்கவிடுங்கள். ஸ்பீடைக் கீழிருந்து மெதுவாக ஏற்றுங்கள். முதலில் துடிப்பு காலுக்குப் பின்தங்கி இழுக்கும். ஓரிடத்தில் இரண்டாவது துடிப்பு ஒவ்வொன்றும் உங்கள் கால் தரையைத் தொடும் இடத்திலேயே வந்து விழும். குமிழை அங்கே விட்டுவிட்டு வாசிக்கத் தொடங்குங்கள்.